அடித்தலும் அழித்தலும்: கணினி எழுத்தில் குறுக்குக்கோடு

அடித்தல், திருத்தல் என்னும் இரு சொற்களும் தமிழில் இணைந்தே வழங்குகின்றன. தேர்வெழுதும் மாணவரிடம் அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக என்கிறோம். பத்திரம் எழுதுவோர் அடித்தல் திருத்தல் உள்ள இடங்களில் கையொப்பம் கேட்கின்றனர். முதல் வழக்கில் அடித்தல் ஒரு குறை; எழுதியவரின் கவனமின்மைக்குச் சான்று. இரண்டாம் வழக்கில் அது பொறுப்பேற்கப்பட வேண்டிய ஒரு செயல். 1908ஆம் ஆண்டின் இந்தியப் பதிவுச் சட்டம் தன் 20ஆம் பிரிவில் இதனைத் தெளிவாக்குகிறது. வரியிடைச் செருகல், வெற்றிடம், அழிப்பு, மாற்றம் ஆகியன உள்ள ஆவணத்தில், எழுதிக் கொடுப்போர் அவ்விடங்களில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டுச் சான்றளிக்காவிடில், பதிவு அலுவலர் அதனை ஏற்க மறுக்கலாம். அடிக்கப்பட்ட சொல்லுக்கும் ஓர் உரிமையாளர் இருத்தல் வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கிடை.

சொல்செயலியில் தமிழ் எழுதும் நம் காலத்தில் இவ்விரு வழக்குகளும் ஒரு சிறு பொத்தானில் வந்து கலந்துவிட்டன. எழுத்துருப் பகுதியில், நடுவே கோடிட்ட உரோமன் எழுத்துகளைத் தாங்கி நிற்கும் பொத்தான் அது. சொல்லைத் தெரிவு செய்து அதனை அழுத்தினால் சொல்லின் குறுக்கே கோடு விழுகிறது. மீண்டும் அழுத்தினால் கோடு நீங்குகிறது. சொல் பழையபடி நிற்கிறது. தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு ஆகியவற்றின் வரிசையில் இதுவும் ஓர் அலங்காரமாக வைக்கப்பட்டிருப்பதால் இதனைப் பற்றித் திறனாய்வாளர் எவரும் பெரிதும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தடித்த எழுத்து சொல்லின் அழுத்தத்தை மட்டுமே மாற்றுகிறது. குறுக்குக்கோடோ சொல்லின் பொருளையே மறுக்கிறது. ஒரு வாக்கியத்தின் உண்மையைத் தலைகீழாக்கவல்ல ஒன்றை அணிகலன்களோடு சேர்த்து வைத்தது முறையா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. இதனை இலக்கியச் சிக்கலாகவும், தமிழ் எழுத்துமுறை சார்ந்த சிக்கலாகவும் ஒருங்கே நோக்க வேண்டியுள்ளது.

ஓலையும் புள்ளியும்

முதலில் அடித்தலையும் அழித்தலையும் பிரித்துணர்தல் வேண்டும். அழித்தல் சொல்லை இல்லாமல் ஆக்குவது. அடித்தல் சொல்லை இருக்கவிட்டு, அது செல்லாது என்று அறிவிப்பது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரைவில் தாமசு ஜெபர்சன் பல தொடர்களைக் கோடிட்டு அடித்திருக்கிறார். அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் மட்டும் மை காயுமுன் துடைத்து, அதன் மேலேயே 'குடிமக்கள்' என்னும் பொருள்படும் சொல்லை எழுதினார். அடியில் இருந்தது மன்னனுக்குக் கீழ்ப்பட்ட 'குடிகள்' என்னும் பொருளுடைய சொல் என்பதை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2010ஆம் ஆண்டில் நிறமாலைப் படப்பிடிப்பு வழியாகவே வெளிக்கொணர முடிந்தது. அடித்த சொற்களைக் கண்டறிய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. அழித்த ஒரு சொல்லுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது.

தமிழ் ஓலைச்சுவடியில் அழித்தல் என்பதற்கு ஏறக்குறைய இடமே இல்லை. எழுத்தாணி மையைப் பூசுவதில்லை; ஓலையைக் கீறுகிறது. கீறிய வடுவை மீண்டும் எடுத்தல் இயலாது. பிழையாக எழுதியவர் அவ்வெழுத்தின் மேல் கீறித் தள்ளிவிட்டுத் தொடர்ந்து எழுத வேண்டியதுதான். ஆகவே சுவடி மரபில் எழுதுதலும் அடித்தலும் ஒரே கருவியால், ஒரே வகைக் கீறலால் நிகழ்ந்தன. பிற்காலத்தில் அழிப்பான் பென்சிலின் மறுமுனையில் ஏறியபோதுதான் எழுதும் கருவியும் நீக்கும் கருவியும் ஒரே பொருளின் இரு எதிர் முனைகளாயின.

இவண் ஒரு செய்தியைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளில், நீக்க வேண்டிய எழுத்தின் கீழே புள்ளியிடும் வழக்கம் இருந்தது. நீக்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினைச்சொல்லே புள்ளி குத்துதல் என்னும் வேர்ப்பொருளிலிருந்து பிறந்தது. தமிழிலோ புள்ளி எழுத்தின் தலைமேல் நிற்கிறது. மெய்யெழுத்து புள்ளியொடு நிற்கும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் விதி. ஆயினும் இரண்டு புள்ளிகளும் செய்யும் தொழில் அத்துணை வேறானதன்று. 'க' என்பதன் மேல் புள்ளியிட்டால் அதனுள் உறைந்த அகரம் நீங்கி 'க்' நிற்கிறது. அங்கே முழு எழுத்தையும் நீக்கிய புள்ளி, இங்கே எழுத்தின் ஒரு கூறாகிய உயிரை மட்டும் நீக்குகிறது. தமிழ் எழுத்துமுறையின் அடிப்படையிலேயே நீக்கற்குறி ஒன்று நாள்தோறும் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று கூறினால் அது மிகையாகாது. ஓலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியக்கூடும் என்று ஏடெழுதுவோர் அதனைப் பெரும்பாலும் விட்டுவிட்டதும், அதனால் மெய்யோ உயிர்மெய்யோ என்று பதிப்பாசிரியர்கள் இடர்ப்பட்டதும் யாவரும் அறிந்தவையே. இடப்பட வேண்டிய நீக்கற்குறி இடப்படாமையால் நேர்ந்த இடர் அது.

அச்சுக் காலத்தில் இழப்பைக் காட்டும் பொறுப்பையும் புள்ளியே ஏற்றது. 1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்கள் இடையிடையே சிதைந்துள்ளன. சிதைந்த இடங்களைப் புள்ளி வரிசையால் காட்டுவது நம் பதிப்பு மரபாயிற்று. செல்லின் வாயில் போன சொல்லுக்கு ஒரு குறி கண்ட அச்சு மரபு, ஆசிரியரே வேண்டாமென்று தள்ளிய சொல்லுக்குத் தனிக்குறி எதனையும் நிலைநாட்டவில்லை. அச்சுக்குப் போகுமுன் படியைத் தூய்மையாக்கிவிடுவதே வழக்கம். தள்ளிய சொல் அச்சுக்கூடத்தின் வாயிலோடு நின்றுவிடும்.

கோடும் தமிழ் எழுத்தும்

சொல்செயலியின் குறுக்குக்கோடு தமிழ்க் கையெழுத்திலிருந்து வந்ததன்று. அதன் மூதாதை உரோமன் தட்டச்சுப்பொறி. தாளில் பதிந்த எழுத்தை நீக்க இயலாமையால், தட்டச்சர் உருளையைப் பின்னகர்த்தி அதே எழுத்துகளின் மேல் கிடைக்கோட்டையோ பெருக்கற்குறி போன்ற உரோமன் எழுத்தையோ மீண்டும் அடித்தனர். அந்தக் கிடைக்கோட்டின் வாரிசே நம் திரையில் தோன்றுவது. இன்றைய எழுத்துருக் கோப்பினுள்ளே இக்கோட்டின் உயரமும் தடிமனும் எண்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவ்வுயரம் உரோமன் சிறிய எழுத்துகளின் நடுப்பகுதியைக் கருத்திற் கொண்டே முதலில் வகுக்கப்பட்டது.

தமிழில் இதன் விளைவைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 'க', 'ச', 'த' ஆகிய எழுத்துகளுக்கு நடுவிலோ நடுவை ஒட்டியோ தமக்கென ஒரு கிடைக்கீற்று உண்டு. குறுக்குக்கோடு பல எழுத்துருக்களில் அக்கீற்றோடு ஒன்றிவிடுகிறது. சிறிய அளவில் அச்சிட்டால் 'தகுதி' போன்ற ஒரு சொல் அடிக்கப்பட்டதா, அச்சு மை தடித்ததா என்று ஐயுற நேரும். 'ப', 'ம', 'ய' ஆகியன கொண்ட சொல்லிலோ கோடு தெளிவாகத் தெரிகிறது. ஒரே கோடு ஒரு சொல்லில் மறுப்பாகவும் மற்றொன்றில் மங்கலாகவும் தோன்றுவது வடிவமைப்பில் உள்ள குறையே. எழுத்துரு வடிவமைப்போர் இவ்வெண்ணைத் தமிழுக்கென மாற்றியமைத்தல் அரிதன்று.

இதனினும் ஆழமானது மற்றொரு முரண். ஒருங்குறியில் 'கொ' என்பது ககரமும் ஒகரக்குறியும் ஆகிய இரு குறியீடுகளால் அமைகிறது. 'க்' என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்தது. பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலான செயலிகளில் 'கொ' என்பது 'க' ஆகிறது. 'க்' என்பதும் 'க' ஆகிறது. அஃதாவது உயிர்க்குறியை மட்டும் தனியே அழித்தல் இயலும். ஆனால் அதே உயிர்க்குறியை மட்டும் தனியே அடித்தல் இயலாது. சுட்டி உயிர்மெய்யை ஒரு முழு உருவாகவே தெரிவு செய்கிறது. கோடும் முழு உருவின் மீதே விழுகிறது. 'கொடு' என்று எழுதியவர் அதனைக் 'கெடு' என்று திருத்தியதை, ஓர் உயிர் மட்டும் மாறியதாகக் காட்ட வழியில்லை. எழுத்தாணியும் எழுதுகோலும் துணைக்காலை மட்டும் கீறிவிட்டுப் போயிருக்கும். கணினித் தமிழில் அழித்தல் நுண்மையாகவும் அடித்தல் பருமையாகவும் இருப்பதால், நுண்ணிய திருத்தங்கள் யாவும் சுவடின்றி மறைகின்றன.

கோட்டை ஒப்பனையாக இன்றி எழுத்தாகவே சேர்க்கும் வழியும் உண்டு. ஒருங்குறியில் முந்தைய எழுத்தின் மேல் கோடாகப் படியும் இணைகுறிகள் உள்ளன. உரோமனில் ஓரளவு ஒழுங்காக அமையும் இவை தமிழில் உயிர்மெய்யைப் பிளந்துவிடுகின்றன. மெய்க்கும் உயிர்க்குறிக்கும் இடையே கோட்டுக்குறி புகுந்தால் உயிர்க்குறி சார்பிழந்து, புள்ளியிட்ட வட்டத்தின் அருகே தனித்து நிற்கிறது. அத்தோடு, கோட்டுக்குறிகள் நுழைந்த சொல்லைத் தேடுபொறியால் கண்டுபிடிக்கவும் முடிவதில்லை. அடிக்கப்பட்டதைக் காட்ட வந்த வழி, அழிப்பதில் போய் முடிகிறது.

தமிழ்க் கணிமை குறித்து இவ்வட்டாரத்தில் நிகழ்ந்த பெருமுயற்சிகளை நாம் மறந்துவிடவில்லை. நா. கோவிந்தசாமியின் கணியன், முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், 1997இலும் 2000இலும் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகள் ஆகியன இல்லையேல் இக்கட்டுரையைத் தமிழில் உள்ளிடுதலே கடினமாகியிருக்கும். விசைப்பலகை, எழுத்துக் குறியீடு ஆகிய இரண்டுமே அன்று முதன்மைச் சிக்கல்களாக நின்றன. அவை தீர்ந்தாலன்றி வேறெதுவும் நகராது. எழுத்தின் மேல் ஏறும் குறிகளைப் பற்றிச் சிந்திக்கும் ஓய்வு இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

பண்பும் வினையும்

திரையில் ஒன்றுபோலவே தோன்றும் இருவகைக் கோடுகளைச் சொல்செயலி முற்றிலும் வேறாகவே கையாள்கிறது. பொத்தானை அழுத்தி நாமே இடும் கோடு எழுத்தின் ஒரு பண்பாகப் பதிவாகிறது; சிவப்பு, சாய்வு, தடிப்பு ஆகியவை போல. மாற்றங்களைத் தடம்பற்றும் வசதியை இயக்கிவிட்டுச் சொல்லை நீக்கும்போது தோன்றும் கோடோ ஒரு நிகழ்ச்சியாகப் பதிவாகிறது. யார் நீக்கினார், எந்நாளில், எந்நேரத்தில் என்பனவும் கோப்பினுள் உடன் எழுதப்படுகின்றன. முன்னதை நீக்கினால் சொல் மீள்கிறது. பின்னதை ஏற்றுக்கொண்டால் சொல் போய்விடுகிறது. தமிழ் இலக்கணச் சொற்களில் கூறுவதாயின், முன்னது பண்பு, பின்னது வினை. வினை தரும் அறுவகைப் பொருள்களாக நன்னூலார் சுட்டுவனவற்றுள் செய்பவன், செயல், காலம், செய்பொருள் ஆகிய நான்கும் பின்னதில் உள்ளன. பதிவுச் சட்டம் கேட்ட சுருக்கொப்பத்தைக் கணினி தானாகவே இட்டுத் தருகிறது.

இணையப் பக்கங்களின் குறிமொழியிலும் இவ்வேறுபாடு உணரப்பட்டது. 1997இல் வெளியான நான்காம் பதிப்பு, வெறுமனே கோடிடும் குறிகளைத் தவிர்க்குமாறு கூறி, நீக்கத்திற்கும் செருகலுக்கும் தனித்தனிக் குறிகளை வகுத்தது. 2014இல் பரிந்துரையாகிய ஐந்தாம் பதிப்பு மேலும் ஒருபடி சென்று, ஆவணத்திலிருந்து நீக்கப்பட்டதற்கு ஒரு குறியையும், நீக்கப்படாமல் நின்று பொருத்தம் மட்டும் இழந்ததற்கு மற்றொரு குறியையும் வைத்தது. பழைய விலையின் மேல் விழும் கோடு இரண்டாம் வகையைச் சார்ந்தது. அந்த விலை பிழையன்று. நேற்று மெய்யாக இருந்தது. இந்நுண்மை பாராட்டத்தக்கது. ஆயினும் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோடாகவே தோன்றுவதால் படிப்போர்க்கு இதனால் விளையும் பயன் சிறிதே.

செவிக்கோ அச்சிறு பயனும் இல்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான்கள் இயல்பான அமைப்பில் குறுக்குக்கோட்டைப் பெரும்பாலும் அறிவிப்பதில்லை. கூட்டம் வெள்ளிக்கிழமை என்று எழுதி, வெள்ளியை அடித்துச் சனியைச் சேர்த்தால், கேட்பவர் செவியில் வெள்ளியும் சனியும் அடுத்தடுத்து விழும். பண்பாக இட்ட கோட்டின் இயல்பே அதுதான். எழுத்தோடையில் அது இல்லை. அந்த ஓடையை மட்டும் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் கோடு உதிர்ந்து, மறுக்கப்பட்ட சொல் உறுதிப்பொருளில் உயிர்த்தெழும். ஓர் ஒப்பந்த வரைவிலோ ஆய்வேட்டிலோ இது நிகழுமாயின் அதன் விளைவு எத்தகையதாக இருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கோடு பேசும் இலக்கியம்

திறனாய்வு உலகில் இக்கோட்டிற்குப் பெருமை தேடித் தந்தோர் மெய்யியலாளர். மார்ட்டின் ஐடெக்கர் 1955இல் எர்ன்சுட் யூங்கருக்கு எழுதிய கட்டுரையில் 'இருத்தல்' என்னும் சொல்லைப் பெருக்கற்குறியால் அடித்தே எழுதினார். சாக் தெரிதா 1967இல் வெளிவந்த தம் எழுத்தியல் நூலில் அம்முறையைக் கைக்கொண்டார். 1976இல் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும், அதற்கு அவர் எழுதிய நெடிய முன்னுரையும் இதனை உலகறியச் செய்தன. சொல் போதாதது, ஆகவே அடிக்கப்படுகிறது. ஆனால் அதனை விட்டால் வேறு சொல் இல்லை, ஆகவே படிக்கும்படி விடப்படுகிறது என்பது இதன் சாரம். தமிழில் 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வெளிவந்ததன் பின்னர் எழுந்த விவாதங்களின் வழியே தெரிதாவின் பெயர் நமக்கும் பழகியது.

ஆயின் சொல்செயலியில் காணும் ஒவ்வொரு கோட்டையும் தெரிதாவின் கோடாகக் காண்பதை நாம் ஏற்பதற்கில்லை. மாற்றுச்சொல் இல்லாத இடத்தில் இடப்படுவது அவருடைய குறி. நம் வரைவுகளில் கோடு விழுவது மாற்றுச்சொல் கிடைத்த இடத்திலேதான். அவர் அடித்த சொல்லை அவரே அச்சிலும் அப்படியே நிறுத்தினார். நாம் அடித்த சொல்லை அச்சுக்குமுன் நீக்குவோம். ஒன்று கருத்தின் இயலாமை, மற்றொன்று வேலையின் நடுநிலை. உருவம் ஒன்றாயிருத்தல் கொண்டு தொழிலும் ஒன்றெனல் பொருந்தாது.

மெய்யியலைவிடப் பரவலாக இன்று குறுக்குக்கோடு பயன்படுவது எள்ளலுக்கே. தலைவர் உரையாற்றினார் என்பதற்கு முன்னே 'உறங்கினார்' என்று எழுதி அதனை அடித்து வைத்தால், எழுதியவர் நினைத்தது எது, சொல்ல நேர்ந்தது எது என்பது படிப்பவர்க்கு விளங்கும். நாத்தவறியதாகப் பாசாங்கு செய்யும் உத்தி இது. ஓவியர் ழான் மிசேல் பாசுக்கியா தம் ஓவியங்களில் சொற்களை அடித்து வைத்ததும், மறைக்கப்படுவதையே மக்கள் விரும்பிப் படிப்பர் என்னும் கருத்தினால்தான். அவர் கையில் அது வலிமை பெற்றது. அடிக்கப்பட்டோரின் வரலாற்றைத் தம் ஓவியத்திற்குப் பொருளாக்கியவர் அவர். வேடிக்கைக்காக மட்டும் இடப்படும் கோடு இரண்டாம் முறையே சலிப்பூட்டுகிறது.

ஒன்றைச் சொல்லி மறுக்கும் உத்தி தமிழ் அணியிலக்கணத்திற்குப் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் அவநுதி, உள்ளதை மறுத்துப் பிறிதொன்றாக உரைப்பது. முன்னவிலக்கும் விலக்குதலையே வழியாகக் கொண்டது. இவ்வணிகளில் மறுப்பு சொல்லாலேயே நிகழ்கிறது. முகம் அன்று, மதி என்று கூறும்போது 'அன்று' என்பது ஒரு சொல். அது செவியில் விழும். அதற்கு அசை உண்டு, யாப்பில் இடம் உண்டு. குறுக்குக்கோடோ வாய்விட்டுப் படிக்க இயலாத மறுப்பு. கோட்டினால் மட்டும் பொருள் தரும் ஒரு கவிதையைக் கவியரங்கில் படிக்க நேர்ந்தால் கவிஞர் கையால் காற்றில் கோடு கிழித்துக் காட்ட வேண்டியதுதான்! ஓசையை உயிராகக் கொண்ட ஒரு கவிதை மரபில் இது சிறிய குறைபாடன்று.

நம் மரபில் குறுக்குக்கோட்டிற்கு நேரான ஒன்றைத் தேடுவோமாயின், அது செய்யுளில் இல்லை, உரையில் உள்ளது. 'என்பாரும் உளர்' என்னும் தொடரே அது. தமக்கு உடன்பாடில்லாத பாடத்தையும் பொருளையும் உரையாசிரியர்கள் மறைத்துவிடவில்லை. இவ்வாறு பாடம் ஓதுவாரும் உளர், இவ்வாறு உரைப்பாரும் உளர் என எடுத்துக் கூறியே விலக்கினர். சேனாவரையர், இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்று சுட்டி, அவர் கூற்றை எடுத்துரைத்து மறுக்கும் இடங்கள் பல. விலக்கப்பட்ட கருத்து விலக்கியவரின் உரைக்குள்ளேயே உயிர்பிழைத்து நிற்கிறது. அத்தோடு உரையாசிரியர் ஏன் விலக்குகிறார் என்பதையும் கூறுகிறார்; 'அது பொருந்தாமை உணர்க' என்று மட்டும் கூறி நிறுத்தும் இடங்களிலும், உணர்வதற்கான வழி முன்னரே அமைக்கப்பட்டிருக்கும். கணினி செய்பவனையும் காலத்தையும் பதிகிறது, காரணத்தைப் பதிவதில்லை. விளிம்பில் குறிப்புரை எழுதும் வசதி இருந்தும் அதனைக் காரணம் கூறப் பயன்படுத்துவோர் சிலரே. ஆய்வேட்டை நெறிப்படுத்தும் பேராசிரியர் ஒரு பத்தி முழுவதையும் கோடிட்டுத் திருப்பி அனுப்பினால், மாணவர் பெறுவது தீர்ப்பு மட்டுமே, உரை அன்று.

தாகூரின் கோடுகளும் நம் கோப்புகளும்

அடித்தலைக் கலையாகவே ஆக்கியவர் இரவீந்திரநாத் தாகூர். 1924ஆம் ஆண்டின் இறுதியில் அர்செந்தீனாவின் சான் இசித்ரோவில் விக்தோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, பின்னர் 1925இல் 'பூரபி' என வெளிவந்த கவிதைகளை அவர் எழுதிக்கொண்டிருந்தார். வேண்டாத சொற்களை வெறுமனே அடித்துவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அடித்த கோடுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பறவைகளாகவும் விலங்குகளாகவும் முகங்களாகவும் வளர்த்தார். அக்கையெழுத்துப் படியின் அழகில் ஈடுபட்ட ஒகாம்போ பின்னர் அவரை ஓர் ஓவியராகவே உலகிற்கு அறிமுகப்படுத்த முனைந்தார். 1930ஆம் ஆண்டு மே மாதத்தில் பாரிசில் பிகால் கலைக்கூடத்தில் தாகூரின் ஓவியக் காட்சி நடைபெற்றது. தள்ளப்பட்ட சொற்களின் மேல் பிறந்த ஓவியக் கலை அது. 2013இல் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'பிசித்ரா' என்னும் மின்தொகுப்பு, தாகூரின் கையெழுத்துப் படிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பை அளிக்கிறது. அடித்த சொற்களும் அங்கே ஆய்வுப் பொருளே.

நம் நிலையை எண்ணிப் பார்க்கிறோம். 2015இல் சிங்கப்பூரில் வெளியிடப்பட்ட தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கால இலக்கிய நூல்களை மின்வடிவில் சேர்த்தது. பெரும்பணி, ஐயமில்லை. ஆனால் சேர்க்கப்பட்டவை அச்சேறிய நூல்கள். வரைவுகள் எங்கே? கையால் எழுதிய தலைமுறையினரின் படிகள் சில வீடுகளிலேனும் இருக்கக்கூடும். 1990களில் கணினிக்கு மாறியோரின் வரைவுகள் பழைய எட்டு நுண்மிக் குறியீட்டு எழுத்துருக்களில் அமைந்தவை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளுள் பல வெறும் எழுத்தோடையையே வாங்கி மாற்றின. ஒப்பனைகள் அனைத்தும் வழியில் உதிர்ந்தன; அவற்றோடு குறுக்குக்கோடும் உதிர்ந்தது. அவ்வாறு மாற்றப்பட்ட ஒரு வரைவில் ஆசிரியர் தள்ளிய தொடரும் கொண்ட தொடரும் அடுத்தடுத்து, வேறுபாடின்றி நிற்கும். நாளை அதனைப் பதிப்பிக்க வருபவர் கூறியது கூறல் என்றோ, மாறுகொளக் கூறல் என்றோ ஆசிரியர் மேல் குற்றம் சாட்டுவார். ஆகவே பழைய கோப்புகளை மாற்றுவோர் மூலக்கோப்பினையும் உடன் காத்தல் வேண்டும். கோடிட்ட பகுதிகளை மாற்றுமுன் பகர அடைப்புக்குள் இட்டு 'அடிக்கப்பட்டது' என்று சொல்லாலேயே குறித்தல் வேண்டும். கோடு உதிரலாம், சொல் உதிராது.

கோடும் இன்றி, மூலக்கோப்பும் இன்றி, அழித்து எழுதப்பட்ட படி மட்டுமே எஞ்சும் இடங்களே மிகுதி. அங்கும் தமிழ்ப் பதிப்பாசிரியர்க்கு ஒரு தடயம் எஞ்சுகிறது. தமிழில் ஒரு சொல்லை மாற்றினால் பல இடங்களில் அதன் முன்சொல்லும் மாறியாக வேண்டும். 'அவனைப் பார்த்தேன்' என்பதில் 'பார்த்தேன்' என்பதை நீக்கிக் 'கண்டேன்' என்று எழுதினால், முன்னின்ற பகர ஒற்று ககர ஒற்றாதல் வேண்டும். கையால் எழுதுவோர் வரியை மீண்டும் படிக்கையில் இது கண்ணில் படும். சொல்செயலியில் எழுதுவோர் சொல்லை மட்டும் தெரிவு செய்து மாற்றிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். பழைய ஒற்று முன்சொல்லின் ஈற்றில் தங்கிவிடுகிறது. 'அவனைப் கண்டேன்' என்று இன்றைய உரைநடையில் காணும்போது அதனைச் சந்திப்பிழை என்று திருத்திவிட்டுப் போகிறோம். பல இடங்களில் அது இலக்கண அறியாமையாக இருக்கலாம். ஆனால் பிற இடங்களில் சந்தி வழுவாது எழுதும் ஆசிரியர் ஒருவரிடம் இத்தகைய ஒற்று காணப்படுமாயின், அங்கே முன்பு பகரத்தில் தொடங்கும் ஒரு சொல் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. அத்தகைய ஒற்றுகளைப் பதிப்பாசிரியர் ஓசையின்றித் திருத்தாமல், பாடவேறுபாட்டுப் பட்டியலில் பக்க எண்ணோடு குறித்து வைப்பாராக.